பதின்பருவப் பிள்ளைக்கு எந்த நாய் பொருந்தும்?

நீண்ட நாள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், மருந்தையும் உணவையும் பற்றிக் கேட்டு முடித்தபின் தயங்கியவாறே வேறொன்றையும் எங்களிடம் கேட்பதுண்டு. “பிள்ளை நாய் வளர்க்க வேண்டும் என்கிறான், வாங்கித் தரலாமா? எந்த இனம் நல்லது?” என்பதே அது.

மாதக்கணக்கில் பள்ளியையும் நண்பர்களையும் பிரிந்திருந்த பிள்ளை ஒரு துணையை விரும்புவது இயல்பே. வேளை தவறாமல் உணவிட்டு, காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டிய ஓர் உயிர் வீட்டில் இருந்தால் பிள்ளையின் நாளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டாகிறது. ஆகவே, எடுத்த எடுப்பிலேயே ‘வேண்டாம்’ என்று நாங்கள் கூறுவதில்லை. ஆயினும், இனத்தின் பெயரைக் கூறுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிகிறோம். பிள்ளையின் உடல்நிலை எத்தகையது? சில ஆண்டுகளுக்குப் பின் அந்த நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்? வீடு எத்தகைய இடத்தில் உள்ளது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், இனத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் எளிதாகிவிடும்.

பிள்ளையின் உடல்நிலை

ஆஸ்துமா, தொடர் தும்மல், தோல் ஒவ்வாமை ஆகியவை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், “முடி உதிராத இனத்தை வாங்கினால் தொல்லை இராது” என்று விற்பனையாளர் கூறுவதை நம்பிவிடுகின்றனர். ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அன்று. நாயின் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும், சிறுநீரிலும் உள்ள புரதங்களே அதற்குக் காரணம். அவை எல்லா இன நாய்களிடமும் உண்டு. பூடில், ஷிட்சூ போன்றவற்றுக்கு முடி குறைவாக உதிரலாம். அதனால் அவை ஒவ்வாமையற்ற நாய்கள் ஆகிவிடா. நாய் வாங்குமுன், நாய் வளர்க்கும் உறவினர் வீட்டில் பிள்ளையைப் பல முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாவது இருக்கச் செய்யுங்கள். மூச்சிரைப்போ, கண் அரிப்போ, தோல் தடிப்போ தோன்றினால் மருத்துவரிடம் கூறிய பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளும், வயிற்றுப்போக்கு உள்ள நாய்களும் குடற்கிருமிகளைப் பரப்பக்கூடும். ஆதலால் இப்பிள்ளைகளுக்குக் குட்டியைவிட, தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்ட, நலமுள்ள வளர்ந்த நாயே ஏற்றது. அதுவும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே வீட்டிற்கு வரவேண்டும். நாயின் கழிவை அகற்றும் பணியை வேறொருவர் ஏற்க வேண்டும்.

தலசீமியா முதலிய காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைகள் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். நாயின் வாயில் இயல்பாக வாழும் ஒருவகைக் கிருமி, கடியின் வழியாகவோ, புண்ணை நக்குவதன் வழியாகவோ உடலுள் புகுந்தால் இவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கக்கூடும். கடிபட்ட பின் காய்ச்சல் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். இதய வால்வு மாற்றப்பட்டு வார்ஃபரின் மருந்து உட்கொள்ளும் பிள்ளைக்குச் சிறு நகக்கீறலும் நெடுநேரம் குருதி கசியச் செய்யும். மேலே தாவும் பெரிய நாய் இவர்களுக்குப் பொருந்தாது.

பிள்ளையின் வயதும் நாயின் ஆயுளும்

பெற்றோர் பெரும்பாலும் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. பதினான்கு வயதில் பிள்ளைக்கு ஒரு குட்டி வாங்கித் தருகிறீர்கள். அடுத்த ஆண்டே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பின்னர்ப் பதினொன்று, பன்னிரண்டு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி. பதினெட்டு வயதில் கல்லூரி விடுதி. அப்பொழுது நாய்க்கு நான்கு வயதே ஆகியிருக்கும். லேப்ரடார் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரையும், சிறிய இனங்கள் அதனினும் கூடுதலாகவும் வாழ்கின்றன. அதாவது, நாயின் வாழ்நாளில் பெரும்பகுதி பிள்ளை இல்லாத வீட்டிலேயே கழியப்போகிறது.

அந்நாளில் சங்கிலியைப் பிடிக்கப் போகிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் தாயார். அல்லது தாத்தா, பாட்டி. முப்பது கிலோ எடையுள்ள நாய் தெருவில் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால், எலும்புத் தேய்மானம் உள்ள எழுபது வயதுப் பாட்டியால் அதனைப் பிடித்து நிறுத்த இயலாது. அவர் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க நேரிடலாம். இதனாலேயே, ‘பிள்ளைக்கு ஏற்ற நாய்’ என்று தேடுவதைவிட, வீட்டில் எஞ்சியிருக்கும் முதியவராலும் பிடித்து நடத்தக்கூடிய நாயைத் தேடுங்கள் என்று வற்புறுத்துகிறோம். பார்த்துக்கொள்ள இயலாமல் நாயைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், விடுமுறைக்கு வரும் பிள்ளை காண்பது வெறும் சங்கிலியைத்தான். நோயினால் முன்பே பலவற்றை இழந்த பிள்ளைக்கு அது சிறிய இழப்பன்று.

வீடும் வெயிலும்

சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவை பனிநாடுகளுக்கு உரியவை. அவற்றின் அடர்ந்த முடி நம் சமவெளியின் சித்திரை, வைகாசி வெயிலில் அவற்றையே வதைக்கிறது. நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் வைத்திருக்கும் வசதி உடையோரும், அந்நாய்க்குத் தேவையான ஓட்டத்தை எங்கே தருவது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகியது. வெயிலில் சிறிது தூரம் ஓடினாலும் மூச்சுத் திணறும். விளையாட்டில் விருப்பமுள்ள பதின்பருவப் பிள்ளைக்கு அவை ஈடுகொடுக்க இயலா.

சில இனங்கள், சுருக்கமாக

லேப்ரடார்: பிள்ளைகளோடு எளிதில் பழகும், பயிற்சியையும் விரைவில் ஏற்கும். ஆயினும் ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து கிலோ வரை வளரும். உணவில் ஆசை மிகுந்தது. நடை குறைந்தால் உடல் பருத்து, இடுப்பு மூட்டு நோய்க்கு ஆளாகும். நாளும் ஒரு மணி நேர நடைக்கு வழியில்லாத அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்றதன்று.

இந்தியன் ஸ்பிட்ஸ்: நம் ஊர்களில் ‘பொமரேனியன்’ என்று விற்கப்படும் வெண்ணிற நாய்களுள் பல இவ்வினத்தவையே. உருவில் சிறியவை, நம் வெப்பத்திற்குப் பழகியவை, முதியவராலும் பிடித்து நடத்த இயலும். குரைப்பு மிகுதி என்பதே குறை. நாங்கள் கூறும் மூன்று கேள்விகளுக்கும் பல வீடுகளில் இது பொருந்திவருகிறது.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: இவை தமிழ் மண்ணின் இனங்கள், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. வெப்பத்தைத் தாங்கும், பராமரிப்பும் எளிது. வளர்ப்பவரிடம் பற்று மிகுந்தும், புதியவரிடம் ஐயம் மிகுந்தும் இருக்கும். ஓடுவதற்குத் தோட்டமோ வெளியிடமோ உள்ள வீடுகளுக்கே இவை உரியவை. வெண்ணிற இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. வாங்குமுன், குட்டியின் பின்னால் நின்று ஒலி எழுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர்: உறுதியும் அனுபவமும் உள்ள ஒருவரின் இடைவிடாப் பயிற்சி இவற்றுக்கு இன்றியமையாதது. முதன்முறையாக நாய் வளர்க்கும் பிள்ளையின் கையில் இவற்றை ஒப்படைத்தல் முறையன்று.

நாட்டு நாய்: தெருவில் பிறந்தது என்பதால் இதனை இழிவாகக் கருதுவோர் உளர். நடுத்தர உடலமைப்பும், வெப்பம் தாங்கும் தன்மையும், கூர்த்த அறிவும் உடையது இது. காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கும்போது, குணம் தெரிந்த வளர்ந்த நாயையே தேர்ந்துகொள்ள இயலும் என்பது பெரிய நன்மை.

எவ்வினமாயினும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். இயலுமாயின் தாய் நாயை நேரில் பாருங்கள். தாய் அச்சமோ சீற்றமோ மிகுந்ததாக இருந்தால் அக்குட்டியைத் தவிர்ப்பதே நன்று.

தடுப்பூசியும் நாய்க்கடியும்

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபீஸ் தடுப்பூசி போட வேண்டும். கால்நடை மருத்துவர் கூறும் நாளில் அடுத்த தவணையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு தவணையும் தொடர வேண்டும். குடற்புழு நீக்க மருந்தையும் காலந்தவறாமல் கொடுக்க வேண்டும். சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுதல் கட்டாயம்.

ரேபீஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உரிய நேரத்தில் முறையாகச் சிகிச்சை பெற்றால் அந்நோயை முற்றிலும் தடுக்க இயலும். கடியோ கீறலோ பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள்; இறுகக் கட்டவும் வேண்டா. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தோலில் போடப்படும் தடுப்பூசி முதல் நாளிலும், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டாம் நாள்களிலும் போடப்படும். குருதி கசியும் காயமாயின், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். ‘நம் வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டிருக்கிறோமே’ என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள்; சிகிச்சையைத் தொடங்கிவிட்டு நாயைப் பத்து நாள் கவனித்தல் வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியதை மருத்துவர் கூறுவார்.

இங்கே பதின்பருவத்திற்கே உரிய ஓர் இடர் உள்ளது. சிறு குழந்தை கடிபட்டால் அழுது ஊரைக் கூட்டும். பதினைந்து வயதுப் பிள்ளையோ, சொன்னால் நாயைத் துரத்திவிடுவார்கள் என்று அஞ்சிக் காயத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். ஆகவே, நாய் வீட்டிற்கு வரும் முதல் நாளிலேயே பிள்ளையை அமர்த்திக் கூறுங்கள்: “எவ்வளவு சிறிய கீறலாக இருந்தாலும் எங்களிடம் சொல். அதற்காக உன்னைத் திட்டமாட்டோம்; நாயையும் துரத்தமாட்டோம்.” கூறிய சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். இந்த ஓர் உறுதிமொழி ஓர் உயிரையே காக்கக்கூடும்.

நாயின் குறிப்புகளையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். உடல் விறைத்தல், கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்த்தல், உறுமல் ஆகியவை ‘என்னை விட்டுவிடு’ என்பதற்கு அடையாளம். உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடலாகாது. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

முடிவெடுக்குமுன்

ஒரு மாத காலம், நாய் இருப்பதாகவே எண்ணி, காலையும் மாலையும் அரைமணி நேரம் நடந்து வருமாறு பிள்ளையிடம் கூறிப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பிள்ளை இல்லாத நாளில் எப்பணியை ஏற்பார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அத்தாளையும், பிள்ளையின் மருந்துச் சீட்டையும் அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது கொண்டுவாருங்கள். இனத்தின் பெயரை அதன் பின்னர்ச் சேர்ந்து முடிவு செய்வோம்.