சந்தை விலையைச் சர்க்கார் தளத்தினின்று கேட்டறியும் முறை

மஞ்சளை இன்று விற்பதா, இருப்பு வைப்பதா என்ற கேள்வி எழும்பொழுது, தரகர் சொல்லும் விலையையே நம்பியிருப்பது நம் குடியானவர்களுக்கு வழக்கமாய்விட்டது. தேசத்தின் பல சந்தைகளின் தினசரி விலைகளை, மத்திய சர்க்கார் 2012-ல் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தினின்று எவரும் இலவசமாகப் பெறலாம் என்பதைப் பலர் அறியார்.

அத்தளத்தில் ஏ.பி.ஐ. என்றொரு வாயில் உண்டு. கணக்கரிடம் சீட்டெழுதிக் கொடுத்தால், அவர் ஏட்டைப் பார்த்து வேண்டிய வரிகளை மட்டும் பெயர்த்துத் தருவதை ஒக்கும் அது. சீட்டை அனுப்பவும், வந்த விடையைக் கணக்கிடவும் ஆர் என்னும் கணினி மொழி ஏற்றது, அதற்கும் விலையில்லை. தளத்தில் பெயரைப் பதிந்து சாவி ஒன்று பெற்று, மாநிலம், சந்தை, விளைபொருள் ஆகியவற்றை அட்டவணையில் உள்ள ஆங்கில எழுத்துப்படியே பிசகாமல் குறித்துக் கேட்கவேண்டும். ஜேசன்லைட் என்னும் துணைத் தொகுப்பு விடையைப் பட்டியலாக்கித் தரும்.

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். மிராசுதாரர் ஒருவருக்கு மஞ்சள் விலை பார்க்கப் புகுந்தேன். பத்து வரிகள் வந்தன. அவற்றின் சராசரியைச் சொல்லிவிட்டேன். நான் உபயோகித்ததோ மாதிரிச் சாவி. அது ஒரு தடவைக்குப் பத்து வரிகளுக்கு மேல் தாராது. எங்களுக்கு வேண்டிய ஈரோட்டு விலை அப்பத்தில் இல்லவே இல்லை. நல்லவேளையாக அவர் அன்று மூட்டைகளை லாரியில் ஏற்றவில்லை.

ஆதலின், விடையின் தலைப்பில் வரும் மொத்த வரிகளின் தொகையையும், கைக்கு வந்த வரிகளின் தொகையையும் முதலில் ஒத்துப் பார்க்கவேண்டும். மொத்தம் மிகுதியாயின், வரம்பை உயர்த்தியோ, எத்தனை வரி தள்ளித் தொடங்குவதென்று குறித்தோ மீதியையும் கேட்டுப் பெறுக.

அடுத்து, விலை எண்ணாக வந்ததா, எழுத்தாக வந்ததா என்று பார்க்க. எழுத்தாக இருப்பின், 12000-ஐக் காட்டிலும் 9500-ஐயே பெரிதென்று ஆர் சொல்லும். முதல் எழுத்தைக் கொண்டே அது ஒப்பிடும். எண்ணாக மாற்றிய பின்னரே கணக்கிடுக. விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, ரூபாய்க் கணக்கில் இருக்கும். குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவழக்கான விலை என மூன்று காணலாம். உயர்ந்த விலையைக் கண்டு மயங்கவேண்டாம். அது ஒரு சிறு குவியலுக்கு மட்டும் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

அன்று விலை தெரிவியாத சந்தை பட்டியலில் இராது. கிராம உத்தியோகஸ்தர்கள் விலையை எழுதி ஒட்டும்போது, சந்தையின் பெயரையும் தேதியையும் தவறாமல் உடன் எழுதுவார்களாக.