கோட்டின் சாய்வு பிடிபடாத சுண்டெலி

இருட்டான ஒரு பெட்டி. நடுவே காற்றில் மிதந்தபடி ஒரு தெர்மாகோல் பந்து. அதன் மேல் ஒரு சுண்டெலி ஓடிக்கொண்டிருக்கிறது. தலையை மட்டும் ஒரு சிறிய உலோகப் பட்டை அசையாமல் பிடித்திருக்கிறது. கால்கள் ஓட ஓடப் பந்துதான் உருள்கிறதே தவிர, எலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாய்க்கு எட்டும் தூரத்தில் மெல்லிய குழாய் ஒன்று, கண்ணெதிரே கணினித் திரை. திரையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைக் கோடுகள் நகர்கின்றன. அவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எலி குழாயை நக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். மறுபக்கம் சாய்ந்திருந்தால் நாக்கை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். நக்கினாலும் தண்ணீர் வராது.

தாகத்தோடு இருக்கும் சாதாரணச் சுண்டெலி இந்த விளையாட்டைச் சில நாட்களில் கற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு மரபணு நீக்கப்பட்ட இன்னொரு சுண்டெலிக்கு இதே பாடம் ஏறக் கூடுதல் நாட்கள் பிடிக்கின்றன. கற்றுத் தேறிய பிறகும், இரண்டு சாய்வுகளையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கினால் தடுமாறிப்போகிறது. அதன் கண்ணில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. பிறகு எங்கேதான் சிக்கல்?

நீக்கப்பட்ட அந்த மரபணுவின் பெயர் எஃப்எம்ஆர்1. மனிதர்களில் இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இதன் ஓரிடத்தில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு முப்பது தடவை போல. தலைமுறை மாறும்போது சில குடும்பங்களில் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 200ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் மரபணு வாயடைத்துப்போகிறது. அது தயாரிக்க வேண்டிய புரதம் வருவதில்லை. இதன் விளைவுதான் ஃப்ராஜைல் எக்ஸ் நோய்க்குறி. தனி வகை வளர்ப்புக் கரைசலில் வைத்த செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தக் குரோமோசோமின் நுனி இற்று விழப்போவதுபோல் தெரியும். பெயருக்குக் காரணம் அதுதான். பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாடுகளில் மிகப் பரவலானது இதுவே. ஏறத்தாழ நாலாயிரம் முதல் ஏழாயிரம் ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது.

மரபணு கண்டறியப்பட்டது 1991இல். மூன்றே ஆண்டுகளில், 1994இல், நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் கூட்டாக அது நீக்கப்பட்ட சுண்டெலியை உருவாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்பவை பெரும்பாலும் அந்த எலியின் வழிவந்தவையே.

எலியைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது? 'அறிவுசார் குறைபாடு' என்பது மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்ட சொல். பேச்சு, கணக்கு, பள்ளிப் பாடம் எதுவும் எலிக்குக் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் வழி தேடவிட்டும், வேறு பல புதிர்கள் வைத்தும் பார்த்தார்கள். முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. இந்த இடத்தில்தான் சிலர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நினைவு, சிந்தனை என்று மேல்மாடிக்கு ஏறுவதற்கு முன், வாசலில் வந்து சேரும் செய்தியே ஒழுங்காக வருகிறதா?

அப்படிக் கேட்க மனிதர்களிடமே காரணம் இருந்தது. ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சத்தம், வெளிச்சம், கூட்டம் எதுவுமே தாங்காது. எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்க்கக் கூசுவார்கள். அசைவைக் கண்டுகொள்வதிலும் இவர்களில் பலர் பின்தங்குகிறார்கள் என்பதை 2000களில் வந்த ஆய்வுகள் காட்டின. நுணுக்கமான ஒரு வகை அசைவைக் கவனிக்க, கைக்குழந்தைகளுக்குக்கூடக் கறுப்பு வெளுப்பு வேறுபாட்டைக் கூட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சுண்டெலி மூக்கையும் மீசையையும் நம்பி வாழும் பிராணி. அதன் பார்வை எவ்வளவு மங்கல் என்பதை இப்படிச் சொல்லலாம். கை நீட்டும் தூரத்தில், ஒரு சென்டிமீட்டரைவிட மெல்லிய பட்டைகளை வைத்தால் அதற்கு எல்லாம் கலந்து ஒரே சாம்பல் நிறம்தான். நம் கண் அதைப்போல் அறுபது மடங்குக்கும் மேல் கூர்மையானது. இருந்தும் பார்வையையே தேர்ந்தெடுத்தார்கள். கண் கொண்டுவருவதைப் பிரித்தறியும் மூளைப் பகுதியான பார்வைப் புறணி எலிக்கும் நமக்கும் அடிப்படையில் ஒரே விதமாகக் கட்டப்பட்டிருப்பதுதான் காரணம்.

அந்தக் கட்டுமானத்தின் முதல் துப்பு ஒரு தற்செயலில் கிடைத்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் கண்முன் புள்ளிகளைக் காட்டி, அதன் மூளையிலுள்ள ஒரு நியூரானின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புள்ளிக்கு அது அசையவில்லை. கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது சில்லின் விளிம்பு திரையில் ஒரு நிழற்கோடாக ஊர்ந்தது. அந்தக் கணத்தில் நியூரான் படபடவென்று வெடித்தது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு கோடு, அதுவும் குறிப்பிட்ட சாய்வில். பார்வைப் புறணியில் பல நியூரான்களுக்குத் தனக்குத்தனக்கென்று ஒரு சாய்வு உண்டு என்று விளங்கிற்று. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

பந்தின் மேல் ஓடும் எலிக்கு வருவோம். இந்தச் சோதனை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் போர்ட்டெரா-கையோவின் ஆய்வகத்தில் நடந்தது. அனுபூதி கோயலை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2018இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் வந்தது. மண்டையில் பதித்த சிறு கண்ணாடிச் சன்னல் வழியாக, செயல்படும்போது ஒளிரும்படி மாற்றப்பட்ட நியூரான்களை அவர்கள் படம்பிடித்தார்கள். சாதாரண எலியில் 'இது என் கோடு' என்று ஒரு சாய்வுக்கு மட்டும் எழுந்து நிற்கும் நியூரான்கள் நிறைய இருந்தன. மரபணு நீங்கிய எலியில் அப்படிப்பட்டவை குறைவு. பல நியூரான்கள் பக்கத்துச் சாய்வுகளுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தன.

இதற்குக் காரணமாகச் சிக்கியது வேறொரு வகை நியூரான், அடக்கும் நியூரான். அண்டையிலுள்ளவற்றின் சத்தத்தைக் குறைப்பதே இதன் வேலை. நெல்லை முறத்தில் கொட்டிவைத்தால் மட்டும் போதாது. புடைத்தால்தான் பதர் பறந்து மணி நிற்கும். மூளையில் அந்தப் புடைக்கும் வேலையைச் செய்பவற்றில் முக்கியமானவை பார்வால்புமின் என்ற புரதத்தைச் சுமக்கும் நியூரான்கள். பெயரைக் கேட்டால் பார்வைக்கென்றே வைத்ததுபோல் இருக்கும். ஆனால் அது 'சிறிய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.  மரபணு நீங்கிய எலிகளில் இந்த நியூரான்கள் சோம்பிக் கிடந்தன. புடைக்க ஆளில்லாததால் மணியும் பதரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.

அடுத்துச் செய்ததுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு மட்டும் திறக்கும் பூட்டு ஒன்றை, மரபணு உத்தியால் அந்தச் சோம்பிய நியூரான்களில் மட்டும் பொருத்தினார்கள். மருந்து செலுத்தியதும் அவை விழித்துக்கொண்டன. எலியின் தடுமாற்றம் தெளிந்தது. கவனிக்க வேண்டியது, காணாமல்போன புரதத்தை யாரும் திருப்பித் தரவில்லை என்பது. புரதம் இல்லாமலேயே, ஒரு வகை நியூரானைத் தட்டியெழுப்பியதும் கோடுகள் பிரிந்து தெரிந்தன. பிறவிக் குறை என்றால் மூளையின் கட்டடமே கோணலாக எழும்பிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

ஆய்வு எலியோடு நிற்கவில்லை. இதே மாதிரிக் கோடுகளை ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள மனிதர்களுக்கும் காட்டினார்கள். எலிகள் சறுக்கியதுபோலவே அவர்களும் சறுக்கினார்கள்.

இதன் மதிப்பு புரிய, முந்தைய ஒரு தோல்வியை நினைக்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் மார்க் பேர் முதலியோர் 2004இல் முன்வைத்த கருத்து இது: எஃப்எம்ஆர்1 தரும் புரதம் ஒரு பிரேக், அது இல்லாததால் நியூரான் இணைப்புகளில் புரத உற்பத்தி தறிகெட்டு ஓடுகிறது, அதை முடுக்கும் எம்ஜிஎல்யூஆர்5 என்ற ஏற்பியைத் தணித்தால் சமன்படும். எலிகளில் இது பல வகையிலும் பலித்தது. நம்பிக்கையோடு மனிதர்களிடம் மருந்துச் சோதனைகள் நடந்தன. மருந்தும் வெறும் மாத்திரையும் ஒரே அளவில்தான் பயன் தந்தன. நோவார்ட்டிஸ் நிறுவனம் 2014இல் தன் முயற்சியைக் கைவிட்டது. தோற்றதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. வயது கடந்து மருந்து தொடங்கியது ஒன்று. அளவுகோல் இன்னொன்று. பயன் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் பராமரிப்பவர்கள் நிரப்பிய நடத்தைப் படிவத்தை வைத்தே முடிவுசெய்தார்கள். புது மருந்து என்றதும் எந்தத் தாய்க்குத்தான் பிள்ளை கொஞ்சம் தேறியதுபோல் தோன்றாது? எலியை ஒரு விதமாகவும் பிள்ளையை வேறு விதமாகவும் அளந்துவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டதில் வந்த குழப்பம் அது.

கோட்டுச் சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கிறது. அதற்குப் பேச்சு வேண்டாம், படிவமும் வேண்டாம். ரெட் நோய்க்குறியிலும் இதே வழி தெரிகிறது. எம்இசிபி2 மரபணு பழுதாகும் அந்நோயில், கண்ணுக்குக் காட்டும் படத்துக்கு மூளை எழுப்பும் மின் அலையை நோயுள்ள சிறுமிகளிடமும் சுண்டெலிகளிடமும் பதிவுசெய்து, இரண்டிலும் ஒத்த மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள்.

எலி எலிதான். அதன் மரபணு நேரடியாக நீக்கப்பட்டது. மனிதரில் அது இருந்தும் வாயடைத்துக் கிடக்கிறது. மண்டைக்குள் பூட்டு பொருத்துவது மனிதருக்கான சிகிச்சையும் அல்ல. ஆனால் அடுத்த மருந்து ஆய்வகத்திலிருந்து புறப்படும்போது, அதே கோடுகளை எலிக்கும் காட்டலாம், சிறுவனுக்கும் காட்டலாம். சாய்வு பிடிபடுகிறதா இல்லையா என்பதை, எலி நாக்காலும் சிறுவன் விரலாலும், ஒரே கேள்விக்கு ஒரே பதிலாகச் சொல்லிவிடுவார்கள்.