கூலி ஆளாகிப்போன கதை

ஆங்கில அகராதியில் 'கூலி' என்ற சொல்லுக்கு நேரே ஓர் ஆள் நிற்கிறார்: ஆசியாவிலிருந்து வந்த, சுமை தூக்கும் தொழிலாளி. இது இழிசொல் என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். தமிழில் கூலி என்பது உழைப்புக்குப் பெறும் காசு, அல்லது நெல். திருக்குறளின் 619-ஆம் குறளில் அந்தப் பொருளில்தான் வருகிறது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்போம்.

சொல் கைமாறியது துறைமுகங்களில். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் எழுத்துகளிலேயே அது வந்துவிட்டது. அவர்களுக்கு அடுத்து ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் எடுத்துக்கொண்டனர். வேர் எது என்பதில் இரண்டு கருத்து உண்டு. ஒன்று தமிழ்க் கூலி. மற்றது குஜராத்துப் பக்கத்துக் கோலி சமூகத்தின் பெயர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இரண்டையும் பேசுகிறது. மேற்கே ஆளுக்கும் தெற்கே சம்பளத்துக்கும் வழங்கிய இரு சொற்கள் வெள்ளைக்காரர் காதில் ஒன்றாகியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

அந்தச் சொல் தமிழரோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா என்று ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. துரைமார் 'கூலி லைன்ஸ்' என்ற குடியிருப்பை நம்மவர்கள் லயம் என்றார்கள். இருள் பிரியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, எழுத்தரான கிராணி பெயர் குறித்த பிறகே பால் எடுக்க மரம் வெட்டப் போக வேண்டும். துரைக்குக் கூலி என்பது அங்கே நிற்கும் ஆள். நின்றவருக்கோ மாதக் கடைசியில் எண்ணி வாங்கும் பணம். கங்காணியும் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச்சொல்தான். ஆனால் கண்காணிப்பவர் அங்கேயும் கண்காணிப்பவராகவே இருந்தார். உழைத்தவரின் சொல்தான் நசுங்கியது.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். முதல் கோரிக்கையில் இருப்பது தமிழ்க் கூலி. இரண்டாவது, ஆங்கிலக் கூலியாக இருக்க முடியாது என்ற மறுப்பு. அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது; தோட்டங்களுக்குள் படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.