ஒரு மடிக்கணினி, இரண்டு குடித்தனம்

பெங்குவினோடு ஒரு செமஸ்டர் – 6

போன வாரம் விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே உபுண்டுவை நிறுவி முடித்திருந்தோம். கணினியை ஆன் செய்தால் க்ரப் மெனு வருகிறது. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். எங்கள் விடுதியில் லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தது.

ஒண்டுக்குடித்தனத்தில் அவரவர் அறைக்குள் சண்டை வருவதில்லை. பொதுக் குழாயடியில்தான் வரும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியிலும் அப்படித்தான். விண்டோஸ் வேலை செய்யும்போது உபுண்டு உறங்குகிறது, உபுண்டு விழித்திருந்தால் விண்டோஸ் உறங்குகிறது. நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் மதர்போர்டில் உள்ள கடிகாரம், டி டிரைவ், புளூடூத், எதை முதலில் பூட் செய்வது என்ற வரிசை, இந்த நான்கும் இருவருக்கும் பொது. "லினக்ஸ் போட்டதுலேருந்து லேப்டாப் சரியில்லண்ணா" என்று ஜூனியர்கள் சொல்லிக்கொண்டு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த நான்கில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

ஐந்தரை மணி நேரக் கணக்கு

ஒரு மதியம் பக்கத்து அறை ஜூனியர் மடிக்கணினியைத் திறந்தபடியே வந்தான்.

"அண்ணா, விண்டோஸ்ல மணி காலைல பத்துன்னு காட்டுது. சரி பண்ணி வெச்சாலும் உபுண்டு போயிட்டு வந்தா மறுபடி தப்பாயிடுது. கடைல கேட்டேன், உள்ள இருக்கற செல் போயிருக்கும், மாத்தணும்னாங்க."

"இப்ப சரியான மணி என்னடா?"

"மூணரை."

அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. செல் செத்துப்போயிருந்தால் தேதியே பல வருஷம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் வித்தியாசம் வேறு வேறாக வரும். இங்கே தேதி சரி. குறைவது மட்டும் எப்போது பார்த்தாலும் 5 மணி 30 நிமிடம். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யுடிசி-க்கும் உள்ள இடைவெளி அது.

மதர்போர்டில் ஆர்டிசி என்று ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் பேட்டரியின் தயவில் அது ஓடும். அது வைத்திருப்பது வெறும் எண்; எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு அதில் இல்லை. டாஸ் காலத்திலிருந்து வந்த பழக்கப்படி விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டு, 5.30-ஐக் கூட்டி நமக்குக் காட்டும். மூன்றரைக்கு உபுண்டு அதில் 10:00 என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறது. அடுத்து வரும் விண்டோஸ் அதை அப்படியே படித்துக் காலை பத்து என்கிறது.

டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்துக் காட்டினேன். லோக்கல் டைம் 15:30, யுனிவர்சல் டைம் 10:00, ஆர்டிசி டைம் 10:00 என்று மூன்றும் கீழே கீழே வந்தன. அவன் கடைசி வரியையும் விண்டோஸ் காட்டிய மணியையும் சேர்த்துப் பார்த்தான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதே கோளாறு எதிர்த்திசையிலும் வரும். விண்டோஸ் இணையத்தில் கேட்டு மணியைத் திருத்தி 15:30 என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் உபுண்டு இரவு ஒன்பது என்று காட்டும். நெட் கிடைத்ததும் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் விடுதி வைஃபையில் முதலில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக வேண்டுமே! அதற்குள் ஒரு சி நிரலைச் சேமித்தால் அதன் மேல் இரவு ஒன்பது மணி முத்திரை விழும். நெட் கிடைத்து மணி சரியான பிறகு 'மேக்' கட்டளை கொடுக்கும்போது, கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறதே என்று அது 'க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்' எச்சரிக்கையை நீட்டும். நிரலைத் தலைகீழாகப் புரட்டினாலும் அதில் பிழை அகப்படாது.

மருந்து இரண்டு. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 என்று வைத்து அதை யுடிசி-க்குப் பழக்கலாம். அல்லது உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரே வரியில் முடிக்கலாம். இரண்டாவதைச் செய்தால், கோடைக்கால நேர மாற்றத்தின்போது சிக்கல் வரும் என்று லினக்ஸே எச்சரிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புகிற நாடுகளுக்கான எச்சரிக்கை அது. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லாததால் அந்த ஒரே வரியே போதும்.

அணைத்தும் அணையாத விண்டோஸ்

அடுத்த தகராறு டி டிரைவில். ப்ராஜெக்ட் கோப்புகளை இரண்டு பக்கமும் எடுக்க வசதியாக அங்கேதான் வைத்திருப்போம். உபுண்டுவிலிருந்து திறந்தால் படிக்க முடிகிறது. சேமிக்கப் போனால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று மறுக்கிறது.

எல்லோருக்கும் முதலில் கை போவது அனுமதியை மாற்றத்தான். 'சிஎச்மாட் 777' என்று போடுவார்கள். அது கேட்காவிட்டால் முன்னால் 'சுடோ' சேர்ப்பார்கள். அதற்கும் அதே பதில்தான் வரும். கவனிக்க வேண்டிய இடம் அது. நிர்வாகியாக வந்து கேட்டாலும் கணினி மறுக்கிறது என்றால், தடை கோப்பின் அனுமதியில் இல்லை. டிரைவ் மவுன்ட் ஆன விதத்தில் இருக்கிறது.

விண்டோஸ் டிரைவ்களை லினக்ஸில் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக அந்த டிரைவைக் கையால் மவுன்ட் செய்து பார்த்தால் காரணம் எழுத்திலேயே வரும். டிஸ்க் சுத்தமான நிலையில் இல்லை, சில தகவல்கள் விண்டோஸின் கேஷில் இருக்கின்றன, ஆகவே படிக்க மட்டும் திறக்கிறேன் என்பது அதன் சாரம். விண்டோஸைத்தான் அணைத்துவிட்டோமே, அதன் கேஷ் எப்படி உயிரோடு இருக்கும்?

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் செயலிகள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் கர்னல் நிலை அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு சட்டென்று கிளம்புவதற்காக. வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் விண்டோஸ் முழுசாக மூடுகிறது. அது பாதியில் வைத்துவிட்டுப் போன டிரைவில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம். அதனால்தான் லினக்ஸ் கையைக் கட்டிக்கொள்கிறது.

இதைச் சோதிப்பது சுலபம். விண்டோஸுக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுங்கள்; க்ரப் மெனுவில் உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். இப்போது சேமிக்க முடிந்தால் காரணம் உறுதி. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட்டால் நிரந்தரத் தீர்வு. உறங்கும் விண்டோஸின் கோப்பை லினக்ஸிலிருந்தே அழித்துவிட்டு மவுன்ட் செய்யவும் வழி உண்டு. ஆனால் விண்டோஸை ஹைபர்னேட் செய்து வைத்திருந்தால், அங்கே சேமிக்காமல் விட்ட வேலையும் அதோடு போய்விடும். ரெக்கார்டு சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மிச்சம் இரண்டு

புளூடூத் இயர்ஃபோன் உபுண்டுவில் இணைந்தால் விண்டோஸில் விட்டுப்போகும். அங்கே இணைத்தால் இங்கே போகும். இரண்டு இயங்குதளமும் ஒரே அடாப்டரை, அதாவது ஒரே முகவரியைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஆளுக்கொரு சாவி உருவாக்கிக்கொள்கின்றன. இயர்ஃபோனோ ஒரு முகவரிக்கு ஒரு சாவிதான் வைத்திருக்கும். விண்டோஸ் உருவாக்கிய சாவியை எடுத்து உபுண்டுவின் புளூடூத் கோப்பில் எழுதினால் தீரும். பொறுமை இல்லாதவர்கள் ஒயர் வைத்த இயர்ஃபோனுக்குத் திரும்பிவிடலாம்.

நான்காவது, ஒரு நாள் க்ரப் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறப்பது. யூஇஎஃப்ஐ கணினிகளில் இரண்டின் பூட் கோப்புகளும் தனித்தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். வரிசை மட்டுமே மாறியிருக்கும். ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப், உங்கள் கணினிக்கு எதுவோ அதை அழுத்தினால் பட்டியலில் உபுண்டு பெயர் இருக்கும். பயாஸ் அமைப்பில் அதை மேலே ஏற்றிவிட்டால் போதும். பெயர் இருந்தும் 'எஸ்பாட்' என்ற சொல்லோடு பாதுகாப்புப் பிழை வந்து நின்றால் அது வேறு கதை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் அப்படித்தான் பூட் ஆகாமல் நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

ஆக, கோளாறு என்று எதைக் கண்டாலும் உபுண்டுவை அழித்து மறுபடி போடக் கிளம்பாதீர்கள். கடைசியாக எந்த இயங்குதளத்தில் இருந்தோம், அது எந்தப் பொதுப் பொருளைத் தொட்டது, அதை எந்த நிலையில் விட்டுப்போனது என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு எழுத வேண்டிய கட்டளை பெரும்பாலும் ஒரு வரிதான்.

அடுத்த வாரம்: 'ஆப்ட்' பூட்டிக்கொண்டு எதையும் நிறுவ விடாமல் அடம்பிடித்தால், அந்தப் பூட்டை வைத்திருப்பது யார் என்று கண்டுபிடிப்போம்.

(தொடரும்)