ஒரு வாளி நீரில் ஒரு கார்



2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீருக்கு நாம் பட்ட பாடு எவருக்கும் மறந்திருக்காது. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டுபோயின. அந்த மாதம் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம், கார் கழுவவும் தோட்டத்திற்கும் கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மறுபடியும் மீறினால் அதனுடன் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். 2025 பிப்ரவரியிலும் இதேபோன்ற ஆணை வந்தது.

ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு தம்பி, வீடு வீடாகச் சென்று கார் சுத்தம் செய்து பிழைப்பவர். அவருடைய தந்தையும் நானும் ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆணை வந்த வாரமே வாடிக்கையாளர் பலர் "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டனர். யாரோ சொன்னதைக் கேட்டு, 'அலசாமல் கழுவும் திரவம்' ஒரு பாட்டில் வாங்கினார். ஒரு கறுப்புக் காரின் பானெட்டை ஒரே துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள்! அதைப் பாலிஷ் செய்து கொடுத்ததில் ஒரு வாரச் சம்பாத்தியம் போயிற்று.

"இந்த மருந்தே ஏமாற்று வேலை, சார்" என்றார் என்னிடம். பாட்டிலை வாங்கிப் படித்துப் பார்த்தேன். குற்றம் மருந்தில் இல்லை, முறையில் இருந்தது.

குழாய் நீர் காருக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது அழுக்கை நனைக்கிறது, தளர்த்துகிறது, பிறகு அடித்துக்கொண்டு போகிறது. இந்த மூன்றாவது வேலைக்குத்தான் நீர் மிக அதிகமாகச் செலவாகிறது. தூசியிலுள்ள மணல் சாதாரணக் கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் பெயிண்டுக்கு மேலிருக்கும் நிறமற்ற பூச்சோ பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம்தான். தலைமுடியை விட மெல்லியது. மணலை அதன்மேல் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அலசாத திரவத்தில் அழுக்கைப் பிரிக்கும் பொருள்களும் வழுவழுப்புத் தரும் பாலிமர்களும் உள்ளன. அவை தூசித் துகளைச் சூழ்ந்து, அதற்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்கின்றன. பேரிங்கில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரிங் எண்ணெயில் மணல் சேர்ந்தால் எண்ணெயை மாற்றியே தீர வேண்டும். இங்கே மாற்ற வேண்டியது துணி. நீர் அடித்துச் செல்லும் அழுக்கை இங்கே துணி சுமந்து செல்கிறது. இந்த ஒன்றைத்தான் தம்பி அறியாமல் இருந்தார்.

நாங்கள் இருவரும் என் பழைய காரில் பழகிப் பார்த்த முறை இது.

1. காரை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

2. கலவை அளவைப் பாட்டிலில் உள்ளபடியே எடுக்க வேண்டும். 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' போன்றவற்றுக்கு ஒரு பங்கு மருந்துக்கு 256 பங்கு நீர். அதாவது 10 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 40 மில்லி. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, கறைதான் படியும். பாத்திரம் கழுவும் சோப்பு இதற்கு உதவாது. அதை அலசியே ஆக வேண்டும்.

3. எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறவைக்க வேண்டும். அதே கலவையை ஒரு ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி, துடைக்கப்போகும் பகுதியில் தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும்.

4. துணியை நான்காக மடித்தால் இரு பக்கமும் சேர்த்து எட்டு முகங்கள் கிடைக்கும். அழுத்தாமல், வட்டமிடாமல், நேர்கோட்டில் ஒரே ஒருமுறை இழுத்து, அடுத்த முகத்துக்கு மாற வேண்டும். எட்டு முகமும் அழுக்கானால் அந்தத் துணி மறுபடி வாளிக்குள் போகக் கூடாது.

5. கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானெட், கதவு என்று கீழே வர வேண்டும். அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி.

6. ஒரு பகுதி முடிந்ததும், காயும் முன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நம் ஊர்ப் போர் நீரில் உப்பு அதிகம். தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. மழைச் சேறு அப்பியிருந்தால் முதலில் சேறு போகுமளவுக்கு நீர் விட்டே ஆக வேண்டும். அதற்கு மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழை நீர் நல்லது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு மிகுதி. அதைச் சக்கரத்துக்கும் கால்மிதிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. எங்கள் வீட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. ரப்பர் குழாயைப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினால் 180 லிட்டர். புதிய முறையில் வாளிக்கு 10 லிட்டர், பிறகு துணிகளைத் துவைக்க 20 லிட்டர், ஆக 30 லிட்டர். காவிரி நீர் மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நம் வீட்டுக்கு வருகிறது. மிச்சமாகும் 150 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, விரயமே இல்லையென்றாலும் 0.2 யூனிட் மின்சாரம் வேண்டும். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது உண்மைதான். அதற்காக ஆற்று நீரைத் தெருவில் ஓடவிட முடியுமா?

தம்பி இரண்டு மாதத்தில் கைபழகிவிட்டார். போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தனர். கறுப்புக் காரின் சொந்தக்காரரும் அவர்களில் ஒருவர். ஆனால் ஒரு புதுச் சங்கடம். "தண்ணீரே செலவாகவில்லையே, பாதிக் காசு வாங்கிக்கொள்" என்கிறார்களாம் சிலர். துணிகள், மருந்து, அவற்றைத் துவைக்கும் வேலை, முன்னைவிடக் கூடுதலான கவனம் இவையெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பேரம் பேசிக் கூலியைக் குறைத்தால் அவர் துணிகளைத்தான் குறைப்பார். அப்போது கீறல் விழுவது உங்கள் காரில்தான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுக்குக் கார் துடைக்க வரும் பிள்ளையிடம் எத்தனை துணி கொண்டுவந்திருக்கிறார் என்று கேளுங்கள். எட்டுக்குக் குறையாமல் இருந்தால் பழைய கூலியையே மனமுவந்து கொடுங்கள்.