ஒர்க்‌ஷாப்பில் ஒளிந்துகொள்ளும் கோளாறு

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய கார், சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு, இழுவை வண்டி வரவழைத்து, கொண்டுபோய் இறக்கினால் முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். ஜாப் கார்டில் 'கோளாறு காணப்படவில்லை' என்று ஒரு வரி. சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை போகும்போது சர்வீஸ் அட்வைசர் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும். அவர் மீதிருந்த நம்பிக்கை நமக்கும் போயிருக்கும்.

ஆனால் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சாலையில் கோளாறு இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அது இல்லை. குறிப்பிட்ட வெப்பம், குறிப்பிட்ட அதிர்வு, குறிப்பிட்ட ஈரப்பதம் எல்லாம் கூடும்போது மட்டும் உயிர்பெற்று, அவை விலகியதும் தடயமின்றி மறைந்துவிடும் கோளாறுகள் உண்டு. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரின் மேலேயே ஒரு புது மரியாதை வரும்.

விரல் பருமனே உள்ள கிராங்க் சென்சாரிலிருந்து தொடங்கலாம். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் இருக்கும், பற்களோ 58தான். இரண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி வீதம் சென்சார் எண்ணிக்கொண்டே வரும். பல் இல்லாத இடைவெளி கடந்ததும், சுற்று எந்த இடத்தில் இருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பது சாதாரண நெடுஞ்சாலை வேகம். அந்த வேகத்தில் சென்சாரிலிருந்து நொடிக்கு 2,900 துடிப்புகள் போகின்றன. எந்த சிலிண்டரில் எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி விடுவது என்பதெல்லாம் இந்தத் துடிப்புகளை வைத்துத்தான் முடிவாகிறது. துடிப்பு நின்றால் கம்ப்யூட்டர் இரண்டையும் நிறுத்திவிடும். பல்சக்கரம் நின்றுவிட்டது என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

இந்த சென்சாரில் ஒரு வகை, காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பி. சுருளைச் சுற்றிலும் பிளாஸ்டிக் வார்த்திருப்பார்கள். ஒரு மீட்டர் செம்பு, ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 60-இல் ஒரு பங்கு நீளும். பிளாஸ்டிக் பொதுவாக அதைவிட அதிகம் நீளும். பல வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இரண்டும் ஒன்றையொன்று இழுத்ததில் கம்பி எங்கோ ஓரிடத்தில் விரிசல் விட்டுவிடுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்கும். மின்சாரம் தடையின்றிப் பாயும். சூடேறினால் முனைகள் விலகும். மைக்ரான் கணக்கில் விலகினாலே போதும், துடிப்பு அறுந்துபோகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எஞ்சின் நின்ற உடனே அதைச் சுற்றியுள்ள பாகங்கள் ஆறத் தொடங்குவதில்லை. கூலன்ட் ஓட்டம் நின்றுவிட்டது, முகப்பில் மோதிய காற்றும் இல்லை. எஞ்சினுக்குள் இருந்த வெப்பம் வெளிப்புறம் பரவி, பக்கத்துப் பாகங்களைச் சில நிமிடங்களுக்கு முன்னைவிட அதிகமாகச் சுட வைக்கிறது. இதை 'வெப்ப ஊறல்' எனலாம். பிறகுதான் எல்லாம் மெல்ல ஆறும். வண்டி நின்றதும் எத்தனை தரம் செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் பிடிக்காததற்கும், இழுவை வண்டி வந்து சேரும் நேரத்தில் தானாகவே சரியாகிவிடுவதற்கும் இதுதான் காரணம். நாம் காத்திருந்த நேரமே கோளாறை அழித்துவிட்டது.

சென்சார் நன்றாகவே இருந்து, அதில் செருகியிருக்கும் கனெக்டர் தகராறு செய்வதும் உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. காரின் கனெக்டர் ஊசிகளில் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். விலை குறைவு, வேலை கச்சிதம். காற்று பட்டதும் வெள்ளீயத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் படரும். கனெக்டரைச் செருகும்போது படலம் உடைந்து, உள்ளிருக்கும் மென்மையான உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும். அப்படியே அசையாமல் இருந்தால் காலத்துக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் எஞ்சின் அதிர்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. ஊசி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவான தூரம் முன்னும் பின்னும் உரசுகிறது. ஒவ்வோர் உரசலிலும் புது வெள்ளீயம் வெளிவருகிறது, ஆக்ஸைடு ஆகிறது, பொடியாக உதிர்ந்து தொடும் இடத்திலேயே சேர்கிறது. ஆக்ஸைடு பொடியில் மின்சாரம் பாயாது. உரசல் அரிப்பு என்று இதைச் சொல்லலாம். தொடக்கத்தில் இணைப்பு அறுவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான். பள்ளத்தில் இறங்கும்போது ஒருமுறை, பிறகு பல நாள் ஒன்றுமில்லை. ஏர்பேக் கனெக்டர்களில் தங்க முலாம் பூசுவது இதற்காகத்தான். தங்கம் ஆக்ஸைடு ஆவதில்லை, அங்கே ஒரு தடவைகூடத் தவறக் கூடாது.

இப்போது ஒர்க்‌ஷாப்பில் நடப்பதைக் கவனியுங்கள். மெக்கானிக் சென்சாரைச் சந்தேகித்துக் கழற்றுகிறார், புதியதைப் போட்டு கனெக்டரைச் செருகுகிறார். கழற்றிச் செருகியதில் ஊசியின் மேலிருந்த பொடி சுரண்டப்பட்டுவிடுகிறது! வண்டி அருமையாக ஓடுகிறது. பெயர் புது சென்சாருக்குப் போகிறது. ஊசியோ மறுபடி உரசத் தொடங்கிவிட்டது. சில மாதம் கழித்துக் கோளாறு திரும்பும்போது, 'சென்சார் மாற்றியாச்சே, அதுவாக இருக்காது' என்று அடுத்த பாகத்துக்குத் தாவுகிறார்கள். அதை மாற்றும்போதும் பக்கத்து கனெக்டர்களைக் கழற்றுவார்கள். மறுபடி சில மாதம் நிம்மதி. நேர்மையான மெக்கானிக்கும் இந்தச் சுழலில் சிக்குவார்.

மல்ட்டிமீட்டர் வைத்து ஒயரைச் சோதிக்கலாமே என்றால், அங்கேயும் கணக்கு இடிக்கிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 200 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எர்த் ஒயரின் முனையில் துரு ஏறி, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை கூடுதலாகிவிட்டது. 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் 2 வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விட்டால் செல்ஃப் சோர்ந்துபோகும், கம்ப்யூட்டர்கள் குழம்பும். ஆனால் சாதாரண மல்ட்டிமீட்டரின் சோதனை ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. தேடும் பொருள் தேடும் கருவியைவிடச் சின்னது. போதாக்குறைக்கு, மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய மின்னோட்டம். பல இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய ஒயரும் அதற்கு நல்ல ஒயர்தான். ஒரு புரி மட்டும் மிஞ்சிய கிணற்றுக் கயிறு காலி வாளியைத் தாங்கும். நீர் மொண்டு இழுக்கும்போதுதானே அறுகிறது? அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஒயரைக் கழற்றாமல், செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, முழுச் சுமையில் அந்த ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழப்பாகிறது என்று அளப்பார்கள். சில நிமிட வேலைதான். ஆனாலும் பலர் செய்வதில்லை.

வண்டிக்கு ஞாபகமும் உண்டு. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற தற்சோதனை அமைப்பு கட்டாயம். இந்தியாவிலும் இன்று ஸ்டீயரிங்கின் கீழே அதன் 16 ஊசித் துளைப்பெட்டியைத்தான் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் ஒரு தவறைக் கண்டால் குறியீடாகப் பதிந்துவைக்கும். கிராங்க் சென்சார் சுற்றில் தவறு என்றால் பி0335. பல தவறுகளுக்கு, ஒரு பயணத்தில் கண்டதும் செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிடாது. முதல் முறை மனதில் மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த பயணத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். மூன்று பயணம் தொடர்ந்து தவறு வராவிட்டால் விளக்கு தானே அணையும். பொதுவாக நாற்பது தடவை எஞ்சின் சூடாகி ஆறியும் வராவிட்டால் குறியீடே அழிந்துபோகும். விட்டுவிட்டு வரும் கோளாறு இந்தச் சல்லடையில் எவ்வளவு எளிதாக நழுவும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறியீட்டோடு இன்னொன்றும் பதிவாகும். தவறு கண்ட கணத்தில் எஞ்சின் வேகம், வண்டி வேகம், கூலன்ட் வெப்பம், எஞ்சின் சுமை எல்லாம் என்னவாக இருந்தன என்ற ஒரு நிலைப்படம். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'குறியீட்டை கிளியர் பண்ணிட்டோம் சார்' என்று சொல்லும்போது அழிவது இந்தச் சாட்சிதான். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். அதனால் வண்டியை ஒப்படைக்கும்போதே, அழிப்பதற்கு முன் அந்த ஃப்ரீஸ் ஃபிரேமின் பிரதி வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லலாம். ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: பி0335 சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. சென்சார், கனெக்டர், ஒயர், கம்ப்யூட்டர் நான்கும் சேர்ந்த சுற்றில் எங்கோ தவறு என்றுதான் சொல்கிறது.

கோளாறு எதிலும் பதிவாகாமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கோபால்ட் முதலான சில மாடல்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆவதாகப் புகார்கள் வந்தன. காரணம் சாவி சுவிட்ச். அதற்குள்ளே ஸ்பிரிங் தள்ளும் ஒரு சின்ன முளை, பள்ளத்தில் உட்கார்ந்து சாவியை ஓடும் நிலையில் பிடித்துவைக்கிறது. அந்தப் பிடி போதவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, சாலை குலுக்கினாலோ சாவி ஒரு படி பின்னால் திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக்கும் செயல்படாது. சுவிட்சை மறுபடி திருப்பினால் எல்லாம் சரி. ஸ்கேனரில் பார்க்க என்ன இருக்கிறது? ஓட்டுநரே அணைத்ததற்கும் இதற்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. 2005 டிசம்பரில் டீலர்களுக்குப் போன சுற்றறிக்கை, சாவிக்கொத்தில் வேண்டாத கனத்தைக் கழற்றச் சொல்லுங்கள் என்றது.

அடுத்த வருடம் சுவிட்சின் வடிவத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள்; பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. எண் ஒன்றாக இருந்ததால் பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒரே பொருள் என்றே காகிதத்தில் நின்றது. பின்னால் வந்த கார்களில் கோளாறு ஏன் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விபத்து வழக்கு ஒன்றுக்காகப் பணிபுரிந்த ஒரு பொறியாளர்தான் கடையில் புது சுவிட்ச் வாங்கி, பழையதோடு சேர்த்துப் பிரித்து அளந்தார். புதியதன் முளை 1.6 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அவ்வளவு பேரும் 'கோளாறு காணப்படவில்லை' என்ற வரிக்கும் 1.6 மில்லிமீட்டருக்கும் நடுவே அகப்பட்டவர்கள். ஓடும்போது அணைந்துபோகும் வண்டியை 'இன்னொரு தடவை வந்தால் பார்க்கலாம்' என்று திருப்பி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் என்ன செய்ய முடியும்? கோளாறு வாழும் சூழலை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போக வேண்டும். அதை அறிந்தவர் வண்டிக்காரர் மட்டுமே. எஞ்சின் சூடா, குளிர்ந்ததா, மழையா, ஏசி போட்டிருந்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது, வளைவிலா, மேட்டிலா. இவை ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டும். டேங்க் குறைவாக இருக்கும்போது வளைவில் மட்டும் திணறினால் பெட்ரோல் பம்ப் பக்கம் பார்க்கலாம். மழைக்காலத்துக் காலையில் மட்டும் என்றால் இக்னிஷன் காயிலின் காப்பில் விரிசல் இருக்கலாம். நல்ல மெக்கானிக் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, சந்தேகமான சென்சாரைச் சூடான காற்றால் சுட வைப்பார், காயிலின் மேல் தண்ணீர் தெளிப்பார், எஞ்சின் ஓடும்போதே ஒயர்க்கட்டை ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்.

ஜாப் கார்டில் கோளாறை நம் சொற்களிலேயே எழுதவைத்து, ஒவ்வொரு முறையும் பிரதி வாங்கி வைப்பதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கலிபோர்னியாவில், 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை முயன்றும் தீராவிட்டால், உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டே முறையில், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரும் வழக்கில் சட்டம் வாங்கியவர் பக்கம் சாய்கிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாத குறையை நுகர்வோர் ஆணையம் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பிறகு பாகத்தையோ வண்டியையோ மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம். எந்தத் தேதியில் எந்தக் கோளாறுக்குப் போனோம் என்று காட்டும் காகிதம் அங்கே பேசும்.

விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிப்பதற்கென்றே ஒரு கருவியும் இருக்கிறது. ஓபிடி துளையில் செருகிவிட்டால் காரின் அளவீடுகளை இடைவிடாமல் பதிந்துகொண்டே, பழையதை அழித்துக்கொண்டே வரும். வண்டி ஆஃப் ஆனதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால், அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துச் சேமித்துவிடும். அந்த வரைபடத்தில் எஞ்சின் வேகக் கோட்டைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வராமல் நின்ற எஞ்சினில் அந்தக் கோடு சரிவாக இறங்கும். கனத்த ஃப்ளைவீல் சுற்றி ஓய நேரம் பிடிக்கும். கோடு செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் எஞ்சின் அப்படி நின்றிருக்கவே முடியாது. எந்த ஃப்ளைவீலாலும் ஒரே கணத்தில் நிற்க இயலாது. நின்றது எஞ்சின் அல்ல, சென்சாரின் துடிப்பு. கிராங்க் சென்சாரின் ஒயரையும் கனெக்டரையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது.