தேன் அத்தி: விருந்தா, மருந்தா?

திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்திலிருந்து எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தினரும் அண்மைக் காலமாக அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. "தேனில் ஊறிய அத்திப்பழம் இரத்தம் ஊறச் செய்யுமாமே? தேன் இயற்கையானது என்பதால் சர்க்கரை நோயாளிக்கும் கேடில்லையாமே?" என்பதே அது. இவ்வினாக்களுக்கு விடை கூறுவதோடு, புதிய அத்திப்பழத்தைத் தேனுடன் எளிதாகச் சுட்டு உண்ணும் முறையையும் இங்கு விளக்குகின்றோம்.

எந்த அத்தி?

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் நம் பகுதியில், ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்பது நாட்டு அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அதன் பிஞ்சை நம் வீடுகளில் கூட்டாகவும் பொரியலாகவும் சமைப்பர். பழுத்தபின் பிட்டுப் பார்த்தால் உள்ளே சிறு பூச்சிகள் இருப்பதும் பலர் அறிந்ததே. அத்தியின் பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளேயே மலர்வதால் வெளியே தெரிவதில்லை. அதனால்தான் அரிதாக நிகழ்வதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அப்பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்பவை அச்சிறு குளவிகளே.

சுட்டு உண்பதற்கு ஏற்றது இதுவன்று; சீமை அத்தி. மகாராட்டிரத்தின் புனே மாவட்டத்தில், குறிப்பாகப் புரந்தர் வட்டாரத்தில், பெருமளவில் விளையும் இப்பழம் பெட்டிகளில் அடுக்கப்பட்டுத் தஞ்சாவூர், திருச்சிப் பழக்கடைகளுக்கும் வருகிறது. புனே வகை மகரந்தச் சேர்க்கையின்றியே கனிவது. எனவே குளவி உள்ளே இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மளிகைக் கடைகளில் கயிற்றில் கோத்துத் தொங்கும் உலர் அத்தியும், கண்ணாடிப் புட்டிகளில் விற்கப்படும் தேன் அத்தியும் சீமை அத்தியே.

செய்முறை (நால்வருக்கு)

தேவையானவை: நன்கு பழுத்த, ஆனால் குழைந்து போகாத சீமை அத்தி 4, நெய் அரைத் தேக்கரண்டி, தேன் 1 தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை 1 மேசைக்கரண்டி.

பழங்களைக் கழுவித் துடைத்து, காம்பை நீக்குங்கள். காம்பில் கசியும் பால் சிலருக்கு உதட்டிலும் நாவிலும் எரிச்சல் தரும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அரியுங்கள். தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து நெய் தடவி, வெட்டிய பக்கம் கீழிருக்குமாறு வையுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். திருப்பிப் போட்டு மேலும் ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். ஓவன் உள்ளவர்கள் 200 டிகிரி செல்சியசில் 12 முதல் 15 நிமிடங்கள் வரை சுடலாம். தட்டில் எடுத்து வைத்த பின்னரே தேனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஏலக்காயும் கடலையும் தூவுங்கள்.

உணவுக்கு முன் பரிமாறுவதாயின் ஏலக்காய்க்கு மாற்றாக மிளகுத்தூள் சேர்த்து, சிறு பனீர்த் துண்டுகளுடன் வைக்கலாம். உணவுக்குப் பின் என்றால் கெட்டித் தயிர் ஒரு கரண்டி நன்கு பொருந்தும்.

தேனை இறுதியில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணமுண்டு. தேனில் மிகுந்துள்ள பழச்சர்க்கரை விரைவில் கருகும்; மணமும் கெடும். பழத்தைச் சுடும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி, சர்க்கரையின் ஒரு பகுதி பழுப்பேறுகிறது. ஆகவே சுவை செறிவாகத் தோன்றுகிறது. ஆயினும் சர்க்கரையின் அளவு கூடுவதுமில்லை. சுட்டதால் குறிப்பிடும்படி குறைவதுமில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

50 கிராம் எடையுள்ள ஒரு புதிய சீமை அத்தியில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரையும் ஒன்றரை கிராம் நார்ச்சத்தும் உள்ளன. 100 கிராம் உலர் அத்தியில் சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 48 கிராம். அதாவது எடையில் பாதி. தேனிலோ 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் சர்க்கரையே. எனவே தேனில் ஊறிய உலர் அத்தி என்பது சர்க்கரையில் ஊறிய சர்க்கரைதான்.

திருவையாற்று அசோகாவை ஒரு கரண்டி உண்பவர், தாம் உண்பது இனிப்பு என்று அறிந்தே உண்கிறார், அளவோடு நிறுத்துகிறார். தேன் அத்தியை உண்பவரோ மருந்து என்று எண்ணிக் காலையும் மாலையும் தவறாமல் உண்கிறார். எங்கள் கவலை பழத்தைப் பற்றியதன்று. இந்த எண்ணத்தைப் பற்றியதே.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு

100 கிராம் உலர் அத்தியில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ 2 மில்லிகிராம். இரண்டு பழங்களில் அரை மில்லிகிராம்கூட இல்லை. கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு வேண்டியது 27 மில்லிகிராம். அத்தியிலிருந்து மட்டும் அதைப் பெறுவதாயின் ஒரு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மாருக்கு வழங்கப்படும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மாத்திரையால் மலம் கறுக்கிறது, வயிறு சங்கடப்படுகிறது என்று அதனை நிறுத்திவிட்டுத் தேன் அத்திக்கு மாறுவது தாய்க்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் தீங்கு. மலம் கறுப்பது இயல்பே. வயிற்றுத் தொல்லை இருந்தால் தெரிவியுங்கள். வேளையையோ மாத்திரையையோ மாற்றித் தருகின்றோம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. சுட்ட புதிய அத்தி ஒன்று, தேன் சில சொட்டுகள். ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை என்று கணக்கிட்டு, அன்றைய மாலைச் சிற்றுண்டிக்கு மாற்றாகக் கொள்ளலாம். அதற்கு மேலதிகமாக அன்று. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நாள்களில் தவிர்த்துவிடுங்கள். புட்டித் தேன் அத்தி வேண்டா.

தேன் உண்மையாகவே கைகொடுக்கும் வேளை ஒன்று உண்டு. இன்சுலின் போடுபவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால், ஒரு மேசைக்கரண்டி தேன் உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அத்திப்பழம் இதற்கு உதவாது. நார்ச்சத்து சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

ஓராண்டு நிறையாத குழந்தைகளுக்கு

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அன்பால் செய்வதே, ஆயினும் செய்யலாகாது. தேனில் பொட்டுலிசம் என்னும் நோயை விளைவிக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக வளர்வதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கும் வலு குறைதல், அழுகுரல் நலிதல், இமை சரிதல், தலை நில்லாமல் துவளுதல் ஆகியவை அறிகுறிகள். மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். கொதிக்க வைத்தாலும் சுட்டாலும் அவ்வித்துகள் அழிவதில்லை. ஆதலால் ஓராண்டு நிறையும்வரை தேன் எவ்வடிவிலும் வேண்டா. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

பிறர் கவனத்திற்கு

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் உலர் அத்தியைத் தவிர்ப்பது நன்று. 100 கிராமில் ஏறத்தாழ 680 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. புதிய பழமாயினும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே உண்ணுங்கள். ரப்பர் கையுறையால் ஒவ்வாமை ஏற்படுவோருக்கு அத்தியும் ஒவ்வாமல் போகலாம். மலச்சிக்கலுக்கு அத்தி உதவும் என்பது சரியே. ஆனால் அதற்குத் தேன் தேவையில்லை. உலர் அத்தி இரண்டினை இரவில் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் உண்டு, போதிய நீர் பருகினால் போதும்.

இவ்வகையில் எச்சரிக்கை தேவைப்படாத ஏனையோர், பழம் கிடைக்கும் பருவத்தில் இதனைச் செய்து, வீட்டாரோடு பகிர்ந்து மகிழ்ந்து உண்ணுங்கள். இரத்தம் ஊறவோ நோய் தீரவோ என்று உண்ண வேண்டா, சுவைக்காக உண்ணுங்கள். மருந்துப் புட்டிகளோடு வீட்டில் தேன் அத்திப் புட்டியும் இருக்குமானால், அடுத்த முறை வரும்போது நாளொன்றுக்கு எத்தனை உண்கிறீர்கள் என்பதையும் மறவாமல் எங்களிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அதுவும் எங்களுக்குத் தேவை.